ஈ ஓட்டப் போனோம்!

ரிட்டயர் ஆன மனுஷன் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டுவது உலக வழக்கம். அடியேன் ஈ ஓட்டுவதற்காகவே காரில் 1,250 கிலோமீட்டர் போய்விட்டு வந்தவன். சிரிக்காதீர்கள். அதற்கு 'ஃப்ளை ஃபிஷிங்' என்று கௌரவமான பெயர் இருக்கிறது. இரும்புக் கொக்கியில் முடியையும் ஜிகினாவையும் கட்டி, ஈ மாதிரியும் இறால் மாதிரியும் வேஷம் போட்டு, மீனை ஏமாற்றுகிற வித்தை.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில். முப்பது வருஷம் அடுத்தவர் வரவு செலவை எழுதிப் பிழைத்தவன். வீட்டிலிருந்து கடற்கரைக்குக் காரில் பதினைந்து நிமிஷம்தான். ஆனால் அந்த முப்பது வருஷத்தில் முழங்கால் நனைய நான் கடலில் இறங்கியதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

என் பையனுக்கு வடக்கே சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. விமானத்தில் போய் விமானத்தில் திரும்புகிற உத்தியோகம். இங்கே இருக்கிற ஏழு நாளில் மூன்று நாள் தூங்குவான். மூன்று நாள் சிநேகிதர்களுக்கு. மிச்சமிருக்கிற ஒரு நாளில் என்னிடம் பேசுவான். என்ன பேசுவான்? "அப்பா, கார் சாவி எங்கே?"

அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாவியைக் கேட்காமல் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, மே மாசம் நிங்கலூ போலாமா? நீங்களும் நானும் மட்டும். கேம்ப் போட்டுத் தங்கி ஃப்ளை ஃபிஷிங்."

"கூட்டிட்டுப் போய்க் காட்ட கைடு உண்டா?"

"கைடு கிடையாது. அவர் படகுல கூட்டிட்டுப் போய், 'அதோ மீன், போடு'ன்னு சொல்லி, நாம போட்டா அதுல என்னப்பா இருக்கு? நாமே மேப் பார்க்கணும், நாமே நடக்கணும், நாமே கண்டுபிடிக்கணும்."

"சரி, பிடிச்ச மீனை யார் சமைக்கிறது? உனக்கு முட்டையே தீஞ்சு போகும்."

"சமைக்கறதா? பிடிச்சதும் விட்டுடணும்ப்பா!"

சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு என் சகதர்மிணி வெளியே வந்தாள். "பிடிச்சுட்டு விடறதுக்கா இவ்வளவு தூரம்? நம்ம மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு மீனைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வாங்க. பார்க்கிங் காசோட போயிடும்!"

நியாயமான வாதம்தான். ஆனால் பையனாக வந்து "நீங்களும் நானும் மட்டும்" என்று சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாலு விரலில் ஆரம்பித்து இரண்டு கையும் போதவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் வித்தையைக் கற்க வேண்டுமே! சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டைக் கட்டி வீசுகிறோம். குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். இதில் எல்லாமே தலைகீழ். கொக்கியில் இருப்பது கால் கிராம்கூடப் பெறாத முடிக்கற்றை. அதற்கு எடை கிடையாது. அதனால் கயிற்றையே எடையாகச் செய்துவிட்டார்கள். ஒன்பது அடிக் கம்பை முன்னும் பின்னும் ஆட்ட, அந்தத் தடித்த கயிறு காற்றில் வளைந்து வளைந்து நீண்டு போய், நுனியில் இருக்கிற 'ஈ'யை முப்பது நாற்பது அடிக்கு அப்பால் பூ மாதிரி இறக்கி வைக்கும். பையன் செய்தால் அப்படி. நான் செய்தால் ஈ என் தொப்பியில் இறங்கியது.

பக்கத்துப் பார்க்கில் பயிற்சி. ஆபத்து வேண்டாமென்று கொக்கிக்குப் பதில் நுனியில் மஞ்சள் கம்பளி நூல். நாயைப் பிடித்துக்கொண்டு வாக்கிங் போன கிழவர் ஒருவர் நின்று பார்த்தார். "ஏதாவது மாட்டுச்சா?" என்றார், புல்வெளியைப் பார்த்தபடி. "இன்னும் இல்லை" என்றேன். "போன வாரம் இங்கே நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நடந்துவிட்டார். மறுநாள் நாய்கூட என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

'ஈ' கட்டுகிற வேலை சாப்பாட்டு மேஜையில் நடந்தது. மான் வால் முடி, ஜிகினா இழை, கொக்கி, நூல். பாப் க்ளவுசர் என்ற அமெரிக்கர் 1980-களில் ஆற்று மீனுக்காகக் கட்டிய ஒரு ஈ, இன்று உலகம் முழுக்கக் கடல் மீனுக்கும் போகிறதாம். அதற்குக் கண் வைக்கக் கனமான மணி வேண்டும். அப்போதுதான் கொக்கி தலைகீழாகத் திரும்பி, மண்ணில் மாட்டாமல் துள்ளும். சிறிய ஈக்களுக்கு மணிச்சங்கிலியே கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்ரூமிலிருந்து சகதர்மிணியின் குரல்: "வாஷ்பேசின் அடைப்பான்ல இருந்த சங்கிலி எங்கே?" நானும் பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது அப்போது இருபது ஜோடி இறால் கண்ணாக மாறியிருந்தது.

இனி, நாள் குறிக்கிற படலம்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தால் போதும். கைடு இல்லாமல் கடலுக்குப் போக அதுவும் போதாது.

முதல் பொருத்தம், பையனின் லீவு. அவன் ஒரு வாரத்தோடு இன்னும் நாலு நாள் சேர்த்து வாங்கினான்.

இரண்டாவது, பருவம். அந்தப் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். 1999 மார்ச்சில் 'வான்ஸ்' என்ற புயல் எக்ஸ்மவுத் ஊரைத் தாக்கியபோது பக்கத்து லியர்மந்த்தில் மணிக்கு 267 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவானது. வளைகுடாவுக்கு அந்தப்புறம் இருக்கிற ஆன்ஸ்லோவில் 2022 ஜனவரி 13-ஆம் தேதி வெயில் 50.7 டிகிரி. அதில் கூடாரம் போட்டால் மீனைப் பொரிக்க அடுப்பு வேண்டாம், நாமே பொரிந்துவிடுவோம். ஆகவே மே.

மூன்றாவது, இடம். நிங்கலூ என்பது கரையை ஒட்டியே சுமார் 260 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிற பவளப்பாறை. 2011-ல் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தார்கள். அதை ஒட்டிய கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவில் கடற்கரையோரம் கூடாரம் போட இடம் உண்டு. ஆனால் கிட்டத்தட்ட ஆறு மாசம் முன்பே புக் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நம்ம ஊரில் தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுப்பது போல, நாள் திறந்த காலையில் அப்பா ஒரு கம்ப்யூட்டர், பிள்ளை ஒரு கம்ப்யூட்டர். அம்மா மட்டும் நடுவில் நின்று, "உங்களுக்கே இது ஓவரா தெரியலையா?"

அங்கே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். கரண்ட் இல்லை. கடை இல்லை. குடிதண்ணீர் இல்லை. விறகு மூட்டக் கூடாது. பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னல் இல்லை. இருப்பவை இரண்டு: கழிப்பறை, கங்காரு.

நாலாவது, எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது. கரையிலிருந்து தூண்டில் போட மேற்கு ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் நிங்கலூ கடல் பூங்காவில் மூன்றில் ஒரு பங்கு மீன் பிடிக்கக் கூடாத சரணாலயம். சில இடங்களில் கரை ஓரமாக அனுமதி, சில இடங்களில் அதுவும் கிடையாது. கடலில் வேலியா போட்டிருக்கிறது? பையன் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்தான். கணக்குப்பிள்ளை புத்தி, நான் காகிதத்திலும் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டேன். "எதுக்குப்பா ரெண்டு?" என்றான். "வரவும் செலவும் ரெண்டு புஸ்தகத்துல இருந்தாத்தான் தப்பு தெரியும்" என்றேன்.

ஐந்தாவது பொருத்தத்தில்தான் என் கதை மாறியது.

பையன் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு குழம்பினான். "ஒரு வாரம் ஏத்தம் பெரிசா இருக்கு, அடுத்த வாரம் சின்னதா இருக்கு. எது நல்லதுன்னு தெரியலைப்பா."

நான் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தேன். "அமாவாசை, பௌர்ணமி பக்கம் வேண்டாம். தண்ணி வேகமா ஏறும், வேகமா வத்தும். புதுசா இறங்கறவனுக்கு ஆகாது. அஷ்டமி, நவமி, தசமிக்குப் போவோம். தண்ணி நிதானமா இருக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. இன்னிக்கு இருக்கிற நேரத்துக்கு நாளைக்கு இருக்காது. கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும்."

பையன் அட்டவணையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "எப்படிப்பா?"

"அஷ்டமி நவமியிலயா கிளம்பறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கிளம்பறது சப்தமியில!" என்று சமாளித்தேன்.

எப்படி என்று அவன் கேட்டதற்கு அன்றைக்கு நான் முழுசாகப் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நான் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். என் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். கைத்தூண்டில் எனக்கு ஆறு வயதில் கைவந்தது. பத்து வயதில் ஒரு நாள் அதை அப்பா வாங்கி, கரையில் நின்ற வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டார். "ஏலே, கடல் என்னோட போகட்டும். நீ கடலுக்கு முதுகைக் காட்டிட்டுப் பள்ளிக்கூடம் போ." போனேன். அப்புறம் கடல் பக்கம் திரும்பவே இல்லை. பெர்த்துக்கு வந்து வீடு வாங்கியபோதுகூடக் கடல் தெரியாத தெருவாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அன்று முதல் பொருத்தம் பார்ப்பதில் நானும் ஒரு ஜோசியன் ஆனேன். எக்ஸ்மவுத் ஒரு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற நிலம். மேற்கே பவளப்பாறை, கிழக்கே வளைகுடா. ஒரு பக்கம் காற்று அடித்தால் மறுபக்கம் போய்விடலாம். "கச்சான் அடிச்சா வளைகுடாவுக்குப் போவோம். கொண்டல் அடிச்சா பாறைப் பக்கம்" என்றேன். மேல்காற்று, கீழ்காற்று என்று விளக்கினேன். பையன் தன் கம்ப்யூட்டர் அட்டவணையில் 'கச்சான்', 'கொண்டல்' என்று இரண்டு கட்டம் போட்டுக்கொண்டான். மீன் பெயர்களும் அப்படித்தான். 'ட்ரெவல்லி' என்றான். படத்தைப் பார்த்தேன். நம்ம பாரை! 'குயின்ஃபிஷ்' என்றான். சாட்சாத் கட்டா! 'பெர்மிட்' என்று ஒரு மீன். அதற்கு மட்டும் எனக்கு மதுவிலக்குக் காலம்தான் ஞாபகம் வந்தது.

தலைவர் 'போன்ஃபிஷ்'தான். உடம்பெல்லாம் முள். செதில் கண்ணாடி மாதிரி, சுற்றியிருக்கிற மணலின் நிறத்தையே காட்டும். அதனால் மீனைத் தேடக் கூடாதாம், மணலில் நகரும் நிழலைத் தேட வேண்டும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தண்ணீரின் பளபளப்பை அறுக்கும் போலராய்டு கண்ணாடி வேண்டும்.

தண்ணீர்க் கணக்கை நான் எழுதினேன். ஐந்து நாள், இரண்டு பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குத் தினம் 6 லிட்டர்: 60. ஆபத்துக்கு 20. உப்பு ஏறாமல் ரீலையும் கம்பையும் தினம் கழுவ 10. மொத்தம் 90 லிட்டர்.

"நீங்க குளிக்க?" என்றாள் சகதர்மிணி.

பேரேட்டைக் காட்டினேன். சைபர். ரீல் குளிக்கலாம், மனுஷன் குளிக்கக் கூடாது!

மருந்துப் பெட்டி, கடலில் நடக்கக் கெட்டியான பூட்ஸ். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்க வேண்டும், திருக்கை இருந்தால் விலகிப் போகும். மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் கல்மீன் குத்திவிட்டால், தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் சத்தமாகப் படித்தது என் தப்பு. வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் அவளே ஒரு தீர்ப்புச் சொன்னாள். "தினம் சாயந்தரம் ஆறு மணிக்குள்ள 'கரைக்கு வந்தாச்சு'ன்னு சேதி வரணும். எட்டு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் போலீஸுக்குப் போன் பண்ணிடுவேன்." சாட்டிலைட் வழியாகச் சேதி அனுப்புகிற, உள்ளங்கை அளவுக் கருவி ஒன்று வாங்கினோம். எந்தக் கரையில் எத்தனை மணிக்கு இறங்குவோம், எப்போது திரும்புவோம் என்று நாள்வாரியாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம்.

ஒட்டும்போது எனக்கு என் அம்மா ஞாபகம். அவளுக்கு ஃபிரிட்ஜும் இல்லை, சாட்டிலைட்டும் இல்லை. வள்ளம் திரும்புகிற நேரம் அவளுக்குத் தெரியும். அந்த நேரத்துக்குக் கரையில் நிற்பாள். அவ்வளவுதான்.

புளிச்சாதம், மிளகாய்ப்பொடி, 90 லிட்டர் தண்ணீர், நாற்பது ஈ, இரண்டு ஆசாமிகள். சப்தமியன்று காலையில் கிளம்பினோம். இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும் என்பதால் பகலில் மட்டும் ஓட்டம். முதல் நாள் கார்னார்வன் வரை சுமார் 900 கிலோமீட்டர். அந்த ஊர் வாழைத் தோட்டத்துக்குப் பேர் போனது. ஒரு தார் வாங்கலாம் என்று இறங்கினால் பையன் கையைப் பிடித்தான். "வேண்டாம்ப்பா! வாழைப்பழம் கொண்டு போனா மீன் கிடைக்காதுன்னு ஃபிஷிங் ஆளுங்க எல்லாரும் நம்பறாங்க."

"அடேய்! வாழைமரம் கட்டித்தான் எனக்கும் உங்கம்மாவுக்கும் கல்யாணம் ஆச்சு."

"அதான் சொல்றேன்" என்றான்.

முப்பது வருஷத்தில் அவன் என்னிடம் அடித்த முதல் ஜோக். வயது இருபத்தைந்துதான் என்றாலும் கணக்கு அப்படித்தான் தோன்றியது. நான் ஒரு சீப்பு வாங்கி சீட்டுக்கு அடியில் ஒளித்தேன்.

முதல் இரண்டு நாள் பாறைப் பக்கம். கடல் நீலமா பச்சையா என்று அதற்கே தெரியவில்லை, அப்படி ஒரு தெளிவு. மீனும் தெரிந்தது, போகும்போது! நாங்கள் பார்த்த போன்ஃபிஷ் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தன. பையனுக்கு விரல் நீளத்தில் ஒன்று மாட்டியது. எனக்குத் தொப்பி இரண்டு முறை மாட்டியது. வாழைப்பழத்தை இரவோடு இரவாகத் தின்று தீர்த்தேன்.

மூன்றாம் நாள் கச்சான் எடுத்தது. அட்டவணைப்படி வளைகுடாப் பக்கம் போனோம். தண்ணீர் வற்றி மைல் கணக்கில் மணல் திட்டு. கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். போகும்போது முழங்கால் ஆழம்.

இங்கேதான் ஒரு சங்கதி. தண்ணீர் வற்றியிருக்கும்போது திட்டில் மீன் இருக்காது. தண்ணீர் ஏற ஆரம்பித்ததும்தான் நண்டும் இறாலும் தின்ன மீன் உள்ளே வரும். அதே தண்ணீர்தான் பின்னால் பள்ளத்தையும் நிரப்பும். ஆக, மீன் வருகிற நேரமும் நாம் கிளம்ப வேண்டிய நேரமும் ஒன்று! கைடு இருந்தால் படகு வைத்திருப்பார். நமக்குக் கால்தான்.

என் அப்பா சொல்வார்: "கடல்ல இறங்கும்போதே திரும்புற நேரத்தை முடிவு பண்ணிரணும். மீனைப் பார்த்தப்புறம் எவனுக்கும் புத்தி நிக்காது."

அன்றைய வற்றம் 11.40. திரும்ப வேண்டிய நேரம் 1.15 என்று முதல் நாளே முடிவு செய்து, இருவர் புறங்கையிலும் பேனாவால் எழுதியிருந்தேன்.

1.10-க்கு பையன் அப்படியே சிலையானான். நாற்பது அடி தூரத்தில், தண்ணீருக்கு மேலே கறுப்பாக ஒரு வால். அரிவாள் மாதிரி. அப்புறம் இரண்டு. மூன்று! பெர்மிட். தலைகீழாக நின்று மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. பல வருஷம் அலைந்தும் ஒன்றைக்கூடப் பிடிக்காதவர்கள் உண்டு என்று அவன்தான் சொல்லியிருந்தான். அவன் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. முதல் வீச்சு கொஞ்சம் பின்னால் விழுந்தது. மீன்கள் கலையவில்லை. இன்னும் நெருங்கி வந்தன.

நான் புறங்கையைப் பார்த்தேன். "தம்பி, மணி ஆச்சு."

"அஞ்சு நிமிஷம்ப்பா. அஞ்சே நிமிஷம்!"

எனக்கும் ஆசைதான். அவன் முகத்தைப் பார்த்தால் ஐம்பது நிமிஷம்கூடக் கொடுக்கலாம் போல இருந்தது. "மீன் நாளைக்கும் வரும். நாம வரணுமே" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தான். பத்து வயதில் தூண்டிலைப் பிடுங்கிக் கொடுத்தபோது என் அப்பாவை நான் பார்த்த அதே பார்வை. அப்புறம் ஒன்றும் பேசாமல் கயிற்றைச் சுற்றினான்.

பள்ளத்துக்கு வந்தோம். எங்கள் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது அங்கேதான் தெரிந்தது. ஆழத்தை எழுதியிருந்தோம், யாருடைய ஆழம் என்று எழுதவில்லை! ஆறடிப் பிள்ளைக்குத் தொடை வரைக்கும் தண்ணீர். ஐந்தே காலடி அப்பாவுக்கு இடுப்புக்கு மேல். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளியது. மணல் காலுக்கடியில் நழுவியது. ஒரு நிமிஷம் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பையன் கம்புகளை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் தோளைப் பிடித்தான். "பக்கத்துலயே வாங்கப்பா. மெதுவா. காலைத் தேய்ச்சு." நான் சொல்லிக் கொடுத்ததை எனக்கே சொன்னான். கரையேறித் திரும்பிப் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் நாங்கள் நின்ற திட்டின் பாதி காணவில்லை.

அஞ்சு நிமிஷத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆறு மணிக்குச் சேதி போனது: 'கரைக்கு வந்தாச்சு.'

அன்று ராத்திரி கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். விளக்கில்லாத வானத்தில் அரிசியை இறைத்த மாதிரி நட்சத்திரம். புளிச்சாதம் முடிந்த பிறகு கேட்டான். "தாத்தாவைப் பத்திச் சொல்லுங்கப்பா. நீங்க ஒண்ணுமே சொன்னதில்லையே."

சொன்னேன். கைத்தூண்டிலைச் சொன்னேன். வெறும் வலையோடு வந்த நாட்களில் யாரையும் பார்க்காமல் அவர் முகம் கழுவுவதைச் சொன்னேன். கரையில் நின்ற அம்மாவைச் சொன்னேன். எத்தனை மணி வரை பேசினேன் என்று தெரியாது. கார் சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் காற்று அடங்கியது. திரும்பப் பாறைப் பக்கம். தொடைக்குக் கீழே தண்ணீர், முதுகில் வெயில். "அப்பா, பத்து மணி திசையில ஒரு நிழல்" என்று பையன் கிசுகிசுத்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சொன்ன திசையில் வீசினேன். ஆச்சரியம், தொப்பியில் விழவில்லை! "இழுங்க... நிறுத்துங்க... இழுங்க..." கயிற்றில் ஒரு சின்னத் தட்டல்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்களாம். பதற்றத்தில் கம்பைத் தூக்குவார்கள், ஈ மீன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கம்பை அசைக்காமல் கயிற்றைக் கையால் சுண்ட வேண்டும். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்பது வருஷம் தூங்கிக் கிடந்த ஒரு விரல் எழுந்து, சுண்டியது. கைத்தூண்டிலும் அதேதான்!

ரீல் அலறியது. கயிறு முழுக்கப் போய், அதற்குப் பின்னால் இருந்த நூலும் போய், மீன் கிட்டத்தட்ட அடுத்த ஊருக்கே போய்விட்டது. இரண்டு முறை ஓடிற்று, இரண்டு முறை வந்தது. கடைசியில் என் கணுக்காலுக்குப் பக்கத்தில் வெள்ளிக் கட்டியாக நின்றது. முழங்கை நீளம்.

"கையை நனைச்சுட்டுத் தொடுங்கப்பா. தண்ணிக்கு வெளியே எடுக்காதீங்க. சுறா வர்றதுக்குள்ள விட்டுடணும்."

தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டேன். செவுள் திறந்து மூடியது. என் அப்பா இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "ஏலே, கிறுக்கா!" என்றிருப்பார். அவர் கையில் வந்த எந்த மீனையும் அவர் விட்டதில்லை. விட முடிந்ததில்லை. ஒவ்வொன்றும் எங்கள் சோறு, என் பரீட்சை ஃபீஸ், என் சட்டை. அவர் விடாமல் பிடித்ததால்தான் இன்று நான் ஒன்றை விடுகிற இடத்தில் நிற்கிறேன். அதை நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. போலராய்டு கண்ணாடியில் இன்னொரு சௌகரியம், அது வெளியே தெரியாது.

விரலைத் தளர்த்தினேன். ஒரு விநாடி யோசித்தது. மணலில் ஒரு புகை. காணவில்லை.

"ஃபோட்டோ எடுக்க மறந்துட்டேன்ப்பா!" என்றான் பையன். பரவாயில்லை என்றேன். அவன் கண்ணும் சரியாக இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

பெர்த் திரும்பினோம். வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு வரவேற்றாள் சகதர்மிணி. ரீல்தான் குளித்திருந்தது.

"மீன் எங்கே?"

"விட்டாச்சு."

"தெரியும்" என்று உள்ளே போனாள். மேஜையில் மண்சட்டி நிறைய மீன் குழம்பு, மார்க்கெட்டில் வாங்கியது. பையன் உட்கார்ந்து, அடுத்த வருஷத்துக்கு எந்த மாசம் அஷ்டமி, நவமி தோதாக வருகிறது என்று என்னைக் கேட்டுக்கொண்டே இலையைப் பார்த்தான். நான் காலண்டரை எடுக்க எழுந்தேன்.

"அது அப்புறம். முதல்ல சாப்பிடுங்க" என்று பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் போட்டாள். "தயவுசெஞ்சு இதையாவது விட்டுடாதீங்க!"